விதைநெல்லாய்க் காத்த உயிர்

நமது சங்கத்தின் ஆண்டு மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால் சோழர் கடற்படையைப் பற்றியோ, பாண்டியர் முத்துக்குளிப்பைப் பற்றியோ, திருமலை நாயக்கர் மஹாலைப் பற்றியோ இருப்பது வழக்கம். அவ்வழக்கத்தை நாம் குறை கூறவில்லை. எனினும் மலர்க்குழுவினர் இவ்வாண்டு நம்மிடம் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபொழுது, முடியும் கொடியும் இல்லாத ஒன்றன் வரலாற்றை எழுத விழைந்தோம். அஃது ஒரு விலங்கினத்தின் வரலாறு. வடபுல வெள்ளைக் காண்டாமிருகம் என்பது அதன் பெயர். இன்று உலகம் முழுவதிலும் அவ்வினத்தில் எஞ்சியுள்ளவை இரண்டே இரண்டு. இரண்டும் பெண், ஒன்று தாய், மற்றொன்று அதன் மகள்.

அஸ்ஸாமில் வாழும் நமக்குக் காண்டாமிருகம் புதிய பிராணி அன்று. ஊரிலிருந்து வரும் உறவினரை முதல் நாள் காமாக்யா கோயிலுக்கும் மறுநாள் காசிரங்காவுக்கும் அழைத்துச் செல்வது நம் குடியிருப்பில் பல குடும்பங்களின் வழக்கம். நாம் காசிரங்காவில் காண்பது ஒற்றைக் கொம்புடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அவை அற்றுப்போகும் நிலையில் இருந்தன. 1908இல் அவ்விடம் காப்புக்காடாயிற்று. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காசிரங்காவில் மட்டும் 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. காவலர் கண்விழித்துக் காத்தமையால் விளைந்த பயன் அது. நாம் எழுதப் புகுந்த வரலாறோ காவல் தவறிய இடத்தில் தொடங்குகிறது.

ஆப்பிரிக்காவில் உள்ள வெள்ளைக் காண்டாமிருகம் இரட்டைக் கொம்புடையது. வெள்ளை என்பது பெயரளவே. நிறத்தில் அது சாம்பல்தான். அகன்ற வாயால் புல் மேய்வது அதன் இயல்பு. இரண்டு டன் எடையுள்ள விலங்கு புல்லையன்றி வேறொன்றும் உண்ணாமல் வாழ்கிறது என்பது எண்ணி வியக்கத்தக்கது. இவ்வினத்தில் இரு கிளைகள் உண்டு. தென்னாப்பிரிக்கப் பகுதியில் வாழ்வது தென்புலக் கிளை. உகாண்டா, சாட், சூடான், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, காங்கோ ஆகிய நாடுகளில் வாழ்ந்தது வடபுலக் கிளை. இக்கிளைக்கு 1908இல்தான் விலங்கியலார் தனிப் பெயர் சூட்டினர்.

இவ்விரு கிளைகளின் வரலாறும் ஒன்றற்கொன்று தலைகீழானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்புலக் கிளை நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கி, அற்றுப்போயிற்று என்றே பலரால் கருதப்பட்டது. 1895இல் உம்ஃபோலோசி, லூலூவே என்னும் இடங்களில் காப்பகங்கள் அமைந்தன. 1960களில் இயான் பிளேயர் என்பவரும் அவருடைய துணைவரும் அவ்விலங்குகளை மயக்க மருந்திட்டுப் பிடித்து, லாரிகளில் ஏற்றிப் பல காடுகளுக்கும் அனுப்பிப் பரப்பினர். இன்று அக்கிளையில் 15,000க்கு மேற்பட்டவை உள்ளன. வடபுலக் கிளையோ 1960 அளவில் ஏறத்தாழ 2,000 என்னும் நிலையில் இருந்தது. அதைப் பற்றி எவரும் கவலை கொள்ளவில்லை. கால் நூற்றாண்டுக்குள், 1984இல், காங்கோவின் கரம்பா தேசியப் பூங்காவில் 15 மட்டும் எஞ்சின.

காரணம் கொம்பு. நம் நகமும் தலைமயிரும் எப்பொருளால் ஆனவையோ அப்பொருளால் ஆனதே காண்டாமிருகக் கொம்பு. அதற்கு மருத்துவ ஆற்றல் உண்டென்று கிழக்காசிய நாடுகளில் நம்பினர். ஏமன் நாட்டில் செல்வர் தம் குத்துவாளுக்கு அதனால் கைப்பிடி அமைத்தனர். விலை ஏறிற்று. இடி அமீன் காலத்து உகாண்டாவிலும், உள்நாட்டுப் போர் நிகழ்ந்த சூடானிலும் துப்பாக்கி மலிந்தது. கரம்பாவில் 1984க்குப் பிறகு பன்னாட்டு உதவியுடன் காவல் பலப்படுத்தப்பட்டபொழுது 15 என்னும் எண்ணிக்கை 30ஐ எட்டியது உண்மை. ஆயின் 1996 முதல் காங்கோவிலும் போர் மூண்டது. 2003க்குப் பின் குதிரையேறி வந்த வேட்டைக்காரர் கூட்டம் எஞ்சியவற்றையும் அழித்தது. 2005இல் மிஞ்சிய சிலவற்றைக் கென்யாவுக்குக் கொண்டுசெல்ல ஒரு திட்டம் வகுத்தனர். நாட்டின் உடைமையை வெளியார் கொண்டுபோவதா என்று எழுந்த எதிர்ப்பினால் அது நின்றுபோயிற்று. 2008க்குப் பின் காட்டில் ஒன்றும் காணப்படவில்லை.

நிற்க. காட்டில் ஒன்றும் இல்லையாயின் இன்றுள்ள இரண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். அதற்கு விடை, ஐரோப்பாவில் செக் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் உள்ளது. துவூர் கிராலவே என்னும் அவ்வூரின் காட்சிச்சாலைத் தலைவர் ஜோசப் வாக்னர் ஆப்பிரிக்க விலங்குகளில் பெரும் பற்றுடையவர். 1975இல் சூடான் நாட்டின் ஷாம்பே பகுதியில் பிடிக்கப்பட்ட ஆறு வடபுலக் காண்டாமிருகங்களை அவர் கொணர்ந்தார். அவற்றுள் இரண்டு வயது ஆண் கன்று ஒன்றுக்கு அந்நாட்டின் பெயரையே இட்டு, சூடான் என்று அழைத்தனர். பனி பெய்யும் அவ்வூரில் அவை வாழ்ந்தன. சில ஈனவும் செய்தன. இவ்வினம் கூண்டிலே கன்று ஈன்றது உலகிலேயே அந்த ஒரு காட்சிச்சாலையில்தான். சூடானின் மகளாக நாஜின் 1989இல் பிறந்தது. நாஜினின் மகளாக ஃபாத்து 2000இல் பிறந்தது. அதன் பின் அவ்வினத்தில் ஒரு கன்றும் பிறக்கவில்லை.

சொந்த மண்ணின் வெயிலும் புல்லும் கிடைத்தால் இனம் பெருகக்கூடும் என்று கருதி, 2009 டிசம்பரில் சூடான், சுனி என்னும் இரு ஆண்களையும், நாஜின், ஃபாத்து என்னும் இரு பெண்களையும் விமானமேற்றிக் கென்யாவில் உள்ள ஒல் பெஜெட்டா காப்பகத்துக்கு அனுப்பினர். கென்ய மலையின் அடிவாரத்தில், நிலநடுக்கோட்டின் மேல் அமைந்த புல்வெளி அது. இணைந்தனவே தவிரக் கன்று பிறக்கவில்லை. 2014இல் சுனி இறந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இருந்த அங்கலிஃபு என்னும் ஆணும் இறந்தது. 2015இல் செக் நாட்டில் நபிரே, சான் டியாகோவில் நோலா என இரு பெண்கள் மறைந்தன. 2018 மார்ச் 19ஆம் நாள், 45 வயதான சூடானும் முதுமையின் துன்பம் தாங்காது கருணை மருந்தால் கண்மூடிற்று. உலகப் பத்திரிகைகள் எல்லாம் முதற்பக்கத்தில் அதன் படத்தை வெளியிட்டன. அவ்வினத்தின் கடைசி ஆண் அது.

மருத்துவர் சோதித்ததில், நாஜினுக்குப் பின்னங்கால்களில் வலுவில்லை என்றும், ஃபாத்துவின் கருப்பை கருவைத் தாங்காது என்றும் தெரிந்தது. ஆண் இல்லை, சுமக்கவல்ல பெண்ணும் இல்லை. இயற்கையின் கணக்குப்படி பேரேட்டை மூடிக் கையெழுத்திட வேண்டிய நிலை. ஆயினும் அக்கணக்கு மூடப்படவில்லை. அதற்குக் காரணம், பல்லாண்டுகளுக்கு முன் பலர் பல இடங்களில், இந்த விலங்கை நினையாமலே செய்து வைத்த வேலைகள். அவற்றுள் சிலவற்றை ஈண்டுச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

1890ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் வால்டர் ஹீப் என்பவர், அங்கோரா முயலின் வயிற்றிலிருந்து இரு கருக்களை எடுத்து, பெல்ஜிய இனத்து முயலின் வயிற்றில் வைத்தார். அம்முயல் முன்னரே தன் இனத்து ஆணோடு சேர்ந்திருந்தது. அது ஈன்ற ஆறு குட்டிகளில் நான்கு தாயைப் போன்றிருந்தன. இரண்டு நீண்ட வெண்மயிருடன் அங்கோராவாகவே இருந்தன. ஒருத்தியின் கருவை மற்றொருத்தி சுமக்கலாம், சுமந்தவளின் சாயல் பிள்ளைக்கு ஏறாது என்பதை உலகுக்குக் காட்டிய முதற் சான்று இதுவே. தேவகியின் கரு ரோகிணியின் வயிற்றுக்கு மாறிப் பலராமனாய்ப் பிறந்தது என்று புராணத்தில் படித்த நமக்கு இது விந்தையாகத் தோன்றாது. எனினும் புராணம் கூறுவது வேறு, செய்து காட்டி ஏட்டில் எழுதி வைப்பது வேறு.

அடுத்தது 1949. லண்டனுக்கு அருகே மில் ஹில் என்னுமிடத்து ஆய்வுக்கூடத்தில் கிறிஸ்டபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவர் சேவலின் விந்தைக் கடுங்குளிரில் உறைய வைத்து, மீண்டும் உயிர்ப்பிக்க முயன்றனர். பழச்சர்க்கரைக் கரைசலில் இட்டுப் பார்த்தனர், பயனில்லை. சில மாதம் கழித்து, குளிரறையில் கிடந்த பழைய குப்பியை எடுத்து மீண்டும் முயன்றபொழுது விந்தணுக்கள் உறைந்தும் சாகாமல் நீந்தின. வியப்புற்று அக்குப்பியைச் சோதித்தால், அதில் சர்க்கரையே இல்லை! கிளிசரின் இருந்தது. குப்பிகளின் சீட்டு மாறியிருந்தது. நம் சரக்கு அலுவலகத்தில் சீட்டு மாறினால் விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதம் வரும். அங்கே மாறிய சீட்டு உலகத்துக் கால்நடைச் செல்வத்தையே மாற்றிவிட்டது. அணுவுக்குள் உள்ள நீர் பனிக்கட்டி முனைகளாகி அணுவைக் கிழிக்காமல் கிளிசரின் காக்கிறது என்பது இதன் உட்பொருள். இன்று நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் பசுவுக்குச் சினை ஊசி போட வருபவர், புகை கக்கும் நைட்ரஜன் திரவக் குடத்திலிருந்து மெல்லிய குழல் ஒன்றை எடுப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அந்தக் குடத்தின் குளிர், நீர் உறையும் நிலைக்குக் கீழே 196 பாகை. அக்குளிரில் அணுவுக்கு முதுமை இல்லை. காலம் அங்கே நின்றுவிடுகிறது.

மூன்றாவதாக நாம் கூறவேண்டியவர் குர்ட் பெனிர்ஷ்கே. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நோய்க்கூற்று மருத்துவர். அவர் 1972இல் அருகிவரும் விலங்குகளின் தோலிலிருந்து துளித்துண்டு எடுத்து, அதன் உயிரணுக்களை வளர்த்து, உறைய வைக்கத் தொடங்கினார். விரைவில் அது சான் டியாகோ காட்சிச்சாலையின் பகுதியாயிற்று. உறைந்த காட்சிச்சாலை என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. பார்ப்பதற்கு அங்கே ஒரு விலங்கும் இல்லை. எஃகுத் தொட்டிகளும், எண்ணிட்ட குப்பிகளும், ஏடுகளுமே உண்டு. இன்று அங்கே 10,000க்கு மேற்பட்ட தனித்தனி விலங்குகளின் அணுக்கள் உள்ளன. அவர் தொடங்கிய காலத்தில் தோலணுவிலிருந்து பாலூட்டி ஒன்றை உண்டாக்கலாம் என்பது யாருக்கும் தெரியாது. டாலி என்னும் ஆட்டுக்குட்டி பிறந்ததே 1996இல்தான். குரோமோசோம்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே அன்றைக்கு இருந்த பயன். ஆயினும் அவர் சேர்த்துக்கொண்டே இருந்தார். பஞ்சத்தில் வயிறு காய்ந்தாலும் விதைநெல்லில் கை வைக்காத உழவனின் குணம் அது. வடபுல வெள்ளைக் காண்டாமிருகங்கள் பன்னிரண்டின் அணுக்கள் அத்தொட்டிகளில் உள்ளன. பெனிர்ஷ்கே 2018இல், சூடான் இறந்த அதே ஆண்டில், மறைந்தார்.

அத்தொட்டியிலிருந்து பயன் விளைந்ததற்கு வேறு இரு சான்றுகள் உண்டு. மங்கோலியக் காட்டுக் குதிரை ஒன்றன் அணுவை 1980இல் உறைய வைத்திருந்தனர். அதிலிருந்து 2020 ஆகஸ்டில் ஒரு குதிரைக்குட்டி பிறந்தது. அதற்குக் குர்ட் என்றே பெயரிட்டனர். அமெரிக்காவில் கருங்கால் மரநாய் என்னும் சிறு பிராணி 1980களில் 18 ஆகச் சுருங்கியது. அவற்றுள் ஏழின் சந்ததியே இன்றுள்ளவை. சந்ததி விடாமல் 1988இல் இறந்த வில்லா என்னும் பெண் மரநாயின் அணுவிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் பிறந்தது. அதே அணுவிலிருந்து தோன்றிய அந்தோனியா என்னும் மற்றொன்று 2024இல் தானே குட்டி ஈன்றது. 36 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன ஒரு கால்வழி மீண்டும் தளிர்த்தது எனலாம்.

எல்லாம் இப்படி மங்களமாகவே முடிந்தன என்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டுக் காட்டெருதின் அணுவிலிருந்து 2001இல் அமெரிக்காவில், ஒரு நாட்டுப் பசுவின் வயிற்றில் நோவா என்னும் கன்றைப் பிறப்பித்தனர். இரண்டே நாளில் அது வயிற்றுக் கடுப்பால் இறந்தது. ஸ்பெயின் நாட்டு மலையாட்டினம் ஒன்று 2000ஆம் ஆண்டில் அற்றுப்போக, அதன் கடைசிப் பெண்ணின் அணுவிலிருந்து 2003இல் ஒரு குட்டி பிறந்தது. நுரையீரல் குறையால் சில நிமிடங்களே மூச்சு விட்டது. ஓர் இனம் இருமுறை அற்றுப்போனது என்னும் துயரம் அதற்கு மட்டுமே உரியது.

இனிக் கென்யாவுக்குத் திரும்புவோம். பெர்லின் நகரத்து லைப்னிட்ஸ் வனவிலங்கு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் ஹில்டெப்ராண்ட் தலைமையில் ஜெர்மனி, இத்தாலி, செக், கென்யா, ஜப்பான் முதலிய நாட்டார் ஒன்றுகூடினர். இவர்கள் தொடங்கிய முயற்சிக்கு பயோரெஸ்க்யூ என்று பெயர். 2019 ஆகஸ்ட் 22ஆம் நாள் நாஜினையும் ஃபாத்துவையும் மயக்கத்தில் ஆழ்த்தி, இதற்கெனவே அமைத்த நீண்ட கருவியைக் குதவழியே செலுத்தி, ஒலிப்படத்தின் துணையால் சூலகத்தைக் கண்டு, ஊசியால் பத்து முட்டைகளை எடுத்தனர். பெருங்குருதிக்குழாய் அருகே ஓடுவதால் ஊசி சிறிது பிறழ்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. உலகில் அவ்வினத்தின் கடைசி இரண்டையும் ஒரே நாளில் மயக்குவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

எடுத்த முட்டைகளைப் பெட்டியில் வைத்து, நைரோபி வழியே இத்தாலியின் கிரெமோனா நகருக்கு விமானத்தில் கொண்டுசென்றனர். அழுகும் பொருள் என்று சீட்டு ஒட்டிய எத்தனையோ கூடைகளை நாம் வண்டி மாற்றி ஏற்றிவிட்டிருக்கிறோம். இதுபோன்ற பார்சல் வேறு எவர் கையிலும் போயிராது. கிரெமோனாவில் சேசரே கல்லி என்பவருடைய ஆய்வுக்கூடத்தில் ஏழு முட்டைகள் முதிர்ந்தன. உறைந்திருந்த விந்துவின் அணுக்கள் தாமாக முட்டையைத் துளைக்கும் வலுவற்றவை. ஆகவே ஆகஸ்ட் 25ஆம் நாள் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை நுண்ணூசியால் செலுத்தினர். ஃபாத்துவின் முட்டைகள் இரண்டு, சுனியின் விந்தோடு கூடிக் கருவாயின. சுனி இறந்து அப்பொழுது ஐந்தாண்டு. அக்கருக்களை மீண்டும் நைட்ரஜன் திரவத்தில் இட்டனர். இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்த்து, 2024 ஜனவரியில் 30 கருக்கள் கையிருப்பில் இருந்தன.

இந்த இடத்தில் நம் நாட்டவர் ஒருவரை நினையாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. கருவை உறைய வைத்துப் பின்னர் தாயின் வயிற்றில் வைத்துக் குழந்தை பெறச் செய்யும் முறையை 1978 அக்டோபரிலேயே கல்கத்தாவில் நிகழ்த்தியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்பொழுது மூன்று மாதமும் ஆகவில்லை. ஆனால் அதிகாரிகள் அவரை நம்பவில்லை. வெளிநாட்டு மாநாட்டுக்குச் செல்ல இசைவு தரவில்லை. தொடர்பில்லாத துறைக்கு மாற்றினர். 1981இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பின்னாளில், இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்குக் காரணமானவர் என்று போற்றப்பட்ட டி.சி. ஆனந்தகுமார் என்னும் விஞ்ஞானி, முகோபாத்யாயின் கைப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு, அப்பெருமை தமக்குரியதன்று என்று 1997இல் வெளிப்படையாக அறிவித்தார். இவ்விருவருள் எவரை மிகுதியாக வணங்குவது என்று நமக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் விலங்குகளுக்கென்றே ஹைதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. மூலக்கூற்று உயிரியல் நிலையத்தின் கிளையாக லால்ஜி சிங் என்பவரின் முயற்சியால் எழுந்தது. 2007 பிப்ரவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். சினை ஊசி முறையில் 2006இல் ஒரு புள்ளிமான் கன்றும், 2007இல் ஒரு வெளிமான் கன்றும் அங்கே பிறந்தன. செய்தித்தாளில் மூலையில் வந்த செய்திகள் இவை. நம் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூற வேண்டியவை.

காண்டாமிருகக் கருவைச் சுமக்க ஃபாத்துவால் இயலாது என்றோம். ஆகவே தென்புலக் கிளையின் பெண் ஒன்று அதனைச் சுமக்க வேண்டும். ஹீப்பின் பெல்ஜிய முயல் அங்கோராவைச் சுமந்தது போல. முதலில் தென்புலக் கருவையே மாற்றிப் பார்த்தனர். 2023 செப்டம்பர் 24ஆம் நாள் ஒல் பெஜெட்டாவில் குர்ரா என்னும் பெண் காண்டாமிருகத்தின் வயிற்றில் அக்கருவை வைத்தனர். நவம்பரில் பெருமழை பெய்தது. மண்ணுள் உறங்கியிருந்த நச்சுக் கிருமி வெள்ளத்தில் கிளம்பி, குர்ராவையும் அதனுடன் இருந்த ஆணையும் கொன்றது. இறந்த உடலை அறுத்துப் பார்த்தபொழுது உள்ளே 70 நாள் வளர்ந்த ஆண் சிசு, 6.4 சென்டிமீட்டர் நீளம், ஒரு குறையுமின்றி இருந்தது. காண்டாமிருகத்தில் கரு மாற்றம் பலிக்கும் என்பதற்கு முதற் சான்று அப்பிணத்தின் வயிற்றில் கிடைத்தது. அதன் பின்னரே வடபுலக் கருக்களை மாற்றும் முயற்சிகள் தொடங்கின. காண்டாமிருகத்தின் சினைக்காலம் ஏறத்தாழ 16 மாதம் என்பதை நினைத்தால் இவர்களின் பொறுமை விளங்கும்.

ஆயினும் ஒரு பெரிய குறை உண்டு. இக்கருக்கள் அனைத்துக்கும் தாய் ஃபாத்து ஒன்றே. தந்தையரும் சிலரே; சுனி அதற்கு நெருங்கிய இரத்த உறவு. நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வந்தால் என்ன நேரும் என்பதை நம் மருத்துவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கேதான் சான் டியாகோவின் பன்னிரண்டு குப்பிகள் உதவிக்கு வருகின்றன.

வாழையின் குருத்தைப் பாருங்கள். இலையும் தண்டும் தாறும் அதிலிருந்தே புறப்படுகின்றன. ஆனால் முற்றிய இலை மீண்டும் குருத்தாவதில்லை. உயிரணுக்களும் அத்தகையனவே என்று நெடுங்காலம் கருதினர். கருவில் உள்ள குருத்தணு எந்த உறுப்பாகவும் ஆகலாம், தோலணு தோலணுவே. 2006இல் ஜப்பானியர் ஷின்யா யமனாகா, நான்கு மரபுக்கூறுகளை உட்செலுத்தி எலியின் முற்றிய அணுவை மீண்டும் குருத்தாக்கிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். 2011இல் ஜீன் லோரிங் குழுவினர், உறைந்த காட்சிச்சாலையிலிருந்த ஃபாத்துவின் அணுவையே அவ்வாறு குருத்தாக்கினர். எலியின் குருத்தணுவிலிருந்து முட்டையை உண்டாக்கி, அதிலிருந்து குட்டியும் பெற்றவர் கட்சுஹிகோ ஹயாஷி. அவர் குழுவினர் 2022 டிசம்பரில், 2015இல் இறந்த நபிரேயின் குருத்தணுவிலிருந்து, முட்டைக்கும் விந்தணுவுக்கும் மூலமான முன்னணுக்களை உண்டாக்கியதாக வெளியிட்டனர். முன்னணு முட்டையாக முதிர வேண்டும்; அது பெரிய தொலைவு. அத்தொலைவு கடக்கப்பட்டால், இறந்துபோனவையும் மீண்டும் தாயும் தந்தையும் ஆகலாம்.

இவ்வளவு பொருளை இரண்டு விலங்குகளுக்காகச் செலவிடுவதா, அதைக் கொண்டு எத்தனை காவலர்க்கு ஊதியம் தரலாம் என்று கேட்பவர் உண்டு. கேட்பது நியாயமே. தென்புலக் கிளையும் நம் காசிரங்காவும் நைட்ரஜன் குடத்தால் பிழைக்கவில்லை, காவலரால் பிழைத்தன. நம் கருத்தில் இவ்விரண்டும் ஒன்றற்கொன்று மாற்று அல்ல. காவலுக்கு முதலிடம். ஆனால் காவல் தோற்றுப்போன பின்னர், இறந்தது இறந்ததுதான் என்று கைகழுவுவதற்கு முன், குப்பியில் ஏதேனும் உள்ளதா என்று பார்ப்பவர் வேண்டும். மேலும் 2023 ஜூனில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 16 தென்புலக் காண்டாமிருகங்களைக் கரம்பாப் பூங்காவுக்கே கொண்டுவந்து விட்டுள்ளனர். வடபுலக் கிளையின் இறுதி வீடு மீண்டும் காண்டாமிருகம் வாழத்தக்கதாகி வருகிறது. வீடு ஒருபுறம் சீராக, வாரிசு ஒருபுறம் உருவாகிறது.

இப்பணியில் ஈடுபட்டோர் ஏன் இத்துணை விரைகின்றனர் என்பதையும் கூறவேண்டும். அணுக்கள் நூறாண்டு ஆனாலும் தொட்டியில் காத்திருக்கும். நாஜினும் ஃபாத்துவும் காத்திரா. வடபுலக் காண்டாமிருகம் எவ்வாறு நடக்கும், எவ்வாறு கன்றை அதட்டும், சேற்றில் எப்பொழுது புரளும் என்பது எந்தக் குப்பியிலும் உறையவில்லை. அது அவ்விரண்டின் உடலில் மட்டுமே உள்ளது. முதற் கன்று பிறக்கும்பொழுது அவை உயிருடன் இருந்தால்தான் அதற்கு அவ்வழக்கங்கள் வந்துசேரும். 2021 அக்டோபரில், வயதையும் உடல்நலத்தையும் கருதி, நாஜினிடமிருந்து இனி முட்டை எடுப்பதில்லை என்று முடிவு செய்தனர். உலகில் இருவரே உள்ள ஓரினத்தில் ஒருவருக்கு ஓய்வு அளித்த அம்முடிவு எளிதாக எடுக்கப்பட்டதன்று. இன்று அது மகளோடு ஒல் பெஜெட்டாவின் வேலியிட்ட புல்வெளியில் இருக்கிறது. ஆயுதம் ஏந்திய காவலர் இரவும் பகலும் சுற்றி நிற்கின்றனர். தவோ என்னும் தென்புலப் பெண் ஒன்றும் உடனிருக்கிறது. காட்சிச்சாலையில் பிறந்த இவ்விரண்டுக்கும் காட்டுப் புல் மேயும் முறை பழகவென்று அதனைச் சேர்த்து விட்டனர்.